குளக்கட்டில் நிற்கும் ஆங்கிலச் சொற்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலச் சொற்களின் வேரைப் பற்றியவை. ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: குளங்களின் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளில் குளத்தை ‘டாங்க்’ என்று எழுதுகிறார்கள். வீட்டில் நாங்கள் தண்ணீர் நிரப்பி வைப்பது ‘தண்ணீர்த் தாங்கி’. தண்ணீரைத் தாங்குவதால் அது தாங்கி, வெள்ளைக்காரர் அதைத்தான் ‘டாங்க்’ ஆக்கிக்கொண்டார்கள் என்று ஊரில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். சரிதானா?
— விவசாயி, உருத்திரபுரம்

பதில்: சரியல்ல. சொல் போன திசை நேர்மாறானது.

‘தாங்கு’ என்ற வினையும் அதிலிருந்து வந்த ‘தாங்கி’யும் தமிழில் பழையவைதான். ஆனால் தாங்கி என்பது பாரத்தை ஏற்று நிற்பதைக் குறித்த சொல். தெருவோரத்துச் சுமைதாங்கிக் கல்லை நினைத்துப் பாருங்கள். நீர் நிற்கும் இடத்துக்குப் பழந்தமிழ் வைத்த பெயர்கள் குளம், கயம், ஏரி, கேணி, பொய்கை, வாவி. அந்த வரிசையில் தாங்கி இல்லை.

ஆங்கிலத்தில் ‘டாங்க்’ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவுக்கு வந்துபோன ஆங்கிலேயரின் எழுத்துகளில் தோன்றுகிறது. அப்போது அது இரும்புப் பெட்டியைக் குறிக்கவில்லை. மழைநீரையும் பாசன நீரையும் சேர்த்துவைக்கும் குளத்தையே குறித்தது. ஆகவே இரணைமடுவையும் முத்தையன்கட்டையும் வவுனிக்குளத்தையும் ‘டாங்க்’ என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். கூரைமேல் இருக்கும் பிளாஸ்டிக் பீப்பாய்க்கு அது பிறகு ஒட்டிய பெயர்.

ஆங்கிலேயர் அதை எங்கிருந்து எடுத்தார்கள்? இரண்டு ஊற்றுகள் உண்டு. குசராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு ‘டாங்க்கு’, ‘டாங்க்கெ’ போன்ற சொற்கள் வழங்குகின்றன. போர்த்துக்கேயத்தில் குளத்துக்கு ‘தாங்க்கெ’ என்று பெயர். ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துவதைக் குறிக்கும் ‘எஸ்தாங்கார்’ என்ற வினையோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. நாம் தேக்குவதிலிருந்து ‘நீர்த்தேக்கம்’ என்ற சொல்லை ஆக்கிக்கொண்டதும் அதே எண்ணத்தில்தான். மேற்குக் கரைத் துறைமுகங்களில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று மோதிக் கலந்தன. ஆங்கிலேயர் காதில் விழுந்தது அந்தக் கலவை.

நம் ‘தாங்கி’யின் முதலெழுத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்தின் வல்லோசை நம்மிடம் வரும்போது டயர் என்றோ, நம் பக்கத்து எழுத்துமுறையில் ரயர் என்றோ நிற்கும். தகரமாவது அரிது. போர்த்துக்கேயத் தகரம் தகரமாகவே வரும்: துவாய், தாச்சி. அதனால் ‘தாங்கி’ போர்த்துக்கேய வாய்வழி வந்திருக்கலாம். அல்லது ஆங்கிலச் சொல்லைத் தெரிந்த ‘தாங்கு’வோடு பொருத்தித் தமிழர் திருத்திக்கொண்டிருக்கலாம். அந்நியச் சொல்லை வீட்டுச் சொல்லின் உருவத்துக்குள் இழுத்துவிடுவது எல்லா மொழிகளிலும் நடக்கும். இழுத்த தடம் மறைந்த பிறகுதான் ‘இது எங்களுடையது’ என்ற கதை பிறக்கிறது.

போர் வாகனத்துக்கு அதே பெயர் வந்தது தனிக் கதை. 1915 டிசம்பரில் பிரித்தானியர் தங்கள் புதிய கவச வண்டியை இரகசியமாக வைத்திருக்க, அது தண்ணீர் கொண்டுபோகும் கொள்கலம் என்று நம்பும்படி ஒரு மறைபெயர் தேடினார்கள். அப்படித்தான் ‘டாங்க்’ ஒட்டிக்கொண்டது. 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அந்த வண்டி முதன்முதலில் இறங்கியது. மறைபெயரே நிலைத்துவிட்டது.

கேள்வி: கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் நீர்ப்பாசன வேலைக்காரர் ‘பண்ட்’, ‘ஸ்லூஸ்’, ‘அனிகட்’ என்று பேசுகிறார்கள். மூன்றும் ஆங்கிலமா?
— முருங்கன்

பதில்: மூன்றும் ஆங்கில அகராதியில் உள்ளவை. ஆனால் மூன்றின் ஊரும் வேறு.

‘அனிகட்’ நம்முடையது. அணைக்கட்டு என்ற சொல்லை ஆங்கிலேயப் பொறியியலாளர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். ஆற்றுக்குக் குறுக்கே கட்டி நீரைத் திருப்பும் தடுப்புக்கு இலங்கை நீர்ப்பாசன ஆவணங்களில் இன்றும் அதுதான் சொல்.

வன்னியில் நாம் துருசு என்பதுதான் ‘ஸ்லூஸ்’. பழைய பிரெஞ்சில் ‘எஸ்க்லூஸ்’, அதற்கு முன் இலத்தீனில் ‘எக்ஸ்க்ளூசா’, அதாவது வெளியே அடைத்து வைக்கப்பட்டது. ஒருவரை விலக்குவதைக் குறிக்கும் ‘எக்ஸ்க்ளூட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் வந்ததே. துருசுக் கதவை இறக்கும்போது நடப்பது அதுதான்: நீர் வாய்க்காலுக்குள் வராமல் வெளியே அடைபடுகிறது.

‘பண்ட்’தான் மூன்றிலும் அழகானது. அது இந்துஸ்தானி ‘பந்த்’ வழியாகப் பாரசீகத்திலிருந்து வந்தது. பாரசீகத்தில் ‘பந்த்’ என்றால் கட்டு, பிணைப்பு. கட்டுவதைக் குறிக்கும் ‘பைண்ட்’ என்ற சொல் ஆங்கிலத்தில் ஆதிமுதல் இருக்கிறது. பாரசீகப் ‘பந்த்’, ஆங்கிலப் ‘பைண்ட்’, நாம் வடமொழியிலிருந்து எடுத்த ‘பந்தம்’ மூன்றும் ஒரே இந்தோ–ஐரோப்பிய மூதாதையின் பிள்ளைகள். ஒரு பிள்ளை இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று பாரசீகத்தில் வளர்ந்து, ஆங்கிலேயரின் கையைப் பிடித்து இலங்கைக் குளக்கரைக்கு வந்தது. நாம் அதே மண்ணைக் ‘குளக்கட்டு’ என்கிறோம். தமிழ்க் ‘கட்டு’ வேறு குடும்பத்துச் சொல். ஆனால் மண்ணைக் குவித்து நீரைப் பிணைப்பதை ‘கட்டுதல்’ என்று பார்த்த கண் ஒன்றே.

கேள்வி: உயர்தர வகுப்பில் ஆங்கிலச் சொற்பிறப்பு பற்றிச் செயற்றிட்டம் செய்யவேண்டும். கைபேசியில் தேடினால் ‘எயிட்’ எட்டிலிருந்து வந்தது, ‘வன்’ ஒன்றிலிருந்து வந்தது, ‘காஷ்’ காசிலிருந்து வந்தது என்று நீண்ட பட்டியல்கள் வருகின்றன. எதை நம்புவது? எப்படித் தொடங்குவது?
— மாணவி, முள்ளியவளை

பதில்: அந்தப் பட்டியல்களைப் பார்த்து எழுதவேண்டாம். அவை இன்றைய ஆங்கில உருவத்தையும் இன்றைய தமிழ் உருவத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகின்றன. தவறு அங்கேதான் பிறக்கிறது. உண்மையில் உறவுள்ள சொற்கள் பின்னோக்கிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். தற்செயலாக ஒத்தவை பின்னோக்கிப் போகப்போக விலகும்.

‘எயிட்’டை எடுத்துப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அது ‘எயஹ்த’. இன்றைய எழுத்தில் ஒலிக்காமல் நிற்கும் இரண்டு எழுத்துகள் அந்தக் ககரச் சாயல் ஒலியின் எச்சம். ஜேர்மனில் ‘ஆஹ்ட்’, இலத்தீனில் ‘ஒக்தோ’, வடமொழியில் ‘அஷ்ட’. மேலே போகப்போக உள்ளே ஒரு ககரம் தெளிவாகிறது. இனித் தமிழ் எட்டு: எண்பது, எண்ணூறு, எண்கால் என்று பிரித்துப் பார்த்தால் அடி ‘எண்’. ஒரு பக்கம் ககரம், மறுபக்கம் ணகரம். இரண்டும் நெருங்கவில்லை.

‘வன்’னும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. முன்னே உள்ள வகர ஒலி பிந்தி வந்தது. அது வராத பழைய உச்சரிப்பை ‘ஒன்லி’, ‘அலோன்’ என்ற சொற்களில் இன்றும் கேட்கலாம். தமிழ் ‘ஒன்று’க்கு அடி ஒரு, ஓர். ‘ஒருவர்’, ‘ஓராயிரம்’ என்பவற்றில் ரகரம் நிற்கிறது.

‘காஷ்’ கொஞ்சம் நுணுக்கமானது. ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் உள்ளன. கைப்பணம் என்ற பொருளில் வருவது பிரெஞ்சு ‘கேஸ்’, இத்தாலிய ‘காசா’ வழியாக இலத்தீன் ‘காப்சா’விலிருந்து வந்தது. காப்சா என்றால் பெட்டி. பணப்பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. இன்னொரு ‘காஷ்’, தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர். அது தமிழ்க் காசு போர்த்துக்கேய வாயில் ‘காய்ஷா’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. எனவே பட்டியல் முழுப்பொய் அல்ல. ஆனால் வங்கியில் நீங்கள் கேட்கும் ‘காஷ்’ அந்தச் சொல் அல்ல.

செயற்றிட்டத்துக்கு எட்டுச் சொற்கள் போதும். முப்பது எடுத்தால் ஒன்றையும் ஆழமாகப் பார்க்கமாட்டீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழுத்தாள் ஒதுக்குங்கள். முதலில், ஆங்கில எழுத்தில் அது முதன்முதல் வந்த ஆண்டையும் அப்போது அதற்கிருந்த பொருளையும் எழுதுங்கள். ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதி இதற்காகவே செய்யப்பட்டது. பொது நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் கேட்டுப் பாருங்கள். சிறிய பள்ளி அகராதியில் ஆண்டு இராது. அடுத்து, பழைய எழுத்துக்கூட்டுகள். பிறகு, சொல்லைக் கொண்டுவந்த மொழி எது, அந்த மொழிக்காரருக்கும் மூலமொழிக்காரருக்கும் எங்கே, எந்தக் காலத்தில் தொடர்பு இருந்தது. வழி காட்டமுடியாத சொற்பிறப்பு நிற்காது. கடைசியாக, ஒலிமாற்றம். நீங்கள் சொல்லும் மாற்றம் இன்னும் இரண்டு மூன்று சொற்களிலும் நடந்திருக்கவேண்டும். அந்த ஒரு சொல்லில் மட்டும் நடந்தது என்றால் அது விளக்கமே அல்ல.

அகராதியில் சொல்லுக்கு முன் நட்சத்திரக்குறி கண்டால், அந்த உருவம் எந்த எழுத்திலும் கிடைக்கவில்லை, உறவுமொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்று பொருள். மாணவர்கள் அதைப் பார்க்காமல் ‘பழைய நூலில் உள்ளது’ என்று எழுதிப் புள்ளி இழக்கிறார்கள். கடன்சொல்லையும் இனச்சொல்லையும் குழப்புவதும் வழமையான பிழை. ‘அனிகட்’ தமிழிலிருந்து ஆங்கிலம் வாங்கிய கடன். ‘பந்த்’தும் ‘பைண்ட்’டும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கவில்லை, கூடப்பிறந்தவை. தமிழ்ப் பக்கத்துக்கு பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் பாருங்கள். 1984இல் வந்த இரண்டாம் பதிப்பை எடுங்கள். பதிவுகளுக்கு எண் உண்டு, உங்கள் தாளில் அந்த எண்ணைக் குறியுங்கள்.

கேள்வி: அப்படியானால் தமிழிலிருந்து போனது என்று உறுதியாகக் காட்டக்கூடிய பழைய சொல் ஒன்றாவது உண்டா?
— ஒட்டுசுட்டான்

பதில்: உண்டு. உங்கள் குசினியில் இருக்கிறது. ‘ஜிஞ்சர்’ என்பதைப் படி படியாகப் பின்னால் எடுத்துச் செல்வோம்.

இடைக்கால ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சிவெர்’, பழைய பிரெஞ்சில் ‘ஜிஞ்சிவ்ரெ’. பிற்கால இலத்தீனில் ‘கிங்கிபெர்’, அதற்கு முன் ‘சிங்கிபெரி’, கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’. பாலியில் ‘சிங்கிவேர’. பார்த்தீர்களா, ஏறஏற இறுதியில் ‘வேர்’ தெளிவாகிக்கொண்டே வருகிறது. நிலத்துக்குக் கீழே விளைவதற்கு வேர் என்ற ஈறு சேர்வது இயல்பு. முன்பாதி நம் இஞ்சி.

‘சிங்கி’ எப்படி ‘இஞ்சி’ ஆகும் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். தமிழில் சொல் முதலில் நின்ற சகரம் சில சொற்களில் உதிர்ந்திருக்கிறது. சிறகு – இறகு, சிப்பி – இப்பி என்று இரண்டு உருவங்களும் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. ககரம் இகர எகரத்தை அடுத்துச் சகரமாவதும் தமிழின் பழைய வழக்கம். கன்னடத்தில் காது ‘கிவி’, நமக்குச் செவி. அவர்களுக்குக் ‘கிரிது’, நமக்குச் சிறிது. இந்த இரண்டு மாற்றங்களையும் போட்டால் சிங்கியிலிருந்து இஞ்சி வந்துவிடும். ஒரு மாற்றத்தையும் இந்தச் சொல்லுக்காகப் புதிதாகக் கற்பனை செய்யவில்லை.

வடமொழியில் இதைச் ‘சிருங்கவேர’ என்றார்கள். கொம்பு போன்ற உடலுடையது என்று பொருள் சொன்னார்கள். கிளைத்த இஞ்சித்துண்டு மான்கொம்பு போல இருப்பதால் பொருள் அழகாகவே பொருந்துகிறது. ஆனாலும் அது பின்னால் பொருத்தியது, நாம் ‘தாங்கி’க்குச் செய்ததைப் போல.

கேள்வி: ‘பாடி’ என்று நெல்லுக்குச் சொல்கிறார்களே, அது தமிழா? ‘ரைஸ்’ அரிசியிலிருந்து வந்தது என்பதாவது சரியா?
— மல்லாவி

பதில்: முதலாவது மலாய்ச் சொல். மலாயில் நெல் ‘பாடி’. அவ்வளவுதான்.

இரண்டாவதில் நிதானம் வேண்டும். ‘ரைஸ்’ பழைய பிரெஞ்சு ‘ரிஸ்’, இத்தாலிய ‘ரீசோ’, இலத்தீன் ‘ஒரீசா’ என்று கிரேக்கம் வரை சங்கடமில்லாமல் போகிறது. கிரேக்கத்தில் ‘ஒரூசா’. அதை அரிசியோடு நேரே இணைத்த மொழியறிஞர் முன்பு இருந்தார்கள். ஆனால் அந்த முதல் ஒகரத்துக்கு அரிசி காரணம் சொல்லவில்லை. பஷ்தூ மொழியில் ‘வ்ரிஷெ’, வடமொழியில் ‘வ்ரீஹி’. முன்னே நிற்கும் வகரத்தைத்தான் கிரேக்கர் ஒகரமாகக் கேட்டார்கள் என்றால் எல்லாம் பொருந்தும். வழியும் பொருந்துகிறது, ஈரானிய நாடுகளினூடாகத் தரைவழி. ஆகவே இன்று பெரும்பான்மையான ஆய்வாளர்கள் ஈரானிய வழியையே ஏற்கிறார்கள். ‘வ்ரீஹி’க்கு இந்தியத் துணைக்கண்டத்தின் ஏதோவொரு மொழி மூலமாக இருக்கலாம் என்றும், தெலுங்கில் நெல்லைக் குறிக்கும் ‘வரி’யோடு அது தொடர்புடையதா என்றும் விவாதம் தொடர்கிறது. அது நிறுவப்பட்டால் அரிசிக்கு ஒரு பங்கு கிடைக்கும். இப்போதைக்கு ‘ரைஸ் அரிசியிலிருந்து வந்தது’ என்று விடைத்தாளில் எழுதாதீர்கள்.

கேள்வி: இந்தியாவில் ‘நாற்காலி’ என்கிறார்கள், நாம் ‘கதிரை’ என்கிறோம். இது எந்த மொழி?
— கனகராயன்குளம்

பதில்: போர்த்துக்கேயம், ‘கதேய்ரா’. அதற்குமேல் இலத்தீன் ‘கதெத்ரா’, கிரேக்கத்தில் ‘கதெத்ரா’: ‘கத’ கீழே, ‘எத்ரா’ இருக்கை. அதே இலத்தீன் சொல் பிரெஞ்சில் ‘ஷயேர்’ வழியாக ஆங்கிலத்தில் ‘செயர்’ ஆயிற்று. ஆக நம் கதிரையும் ஆங்கிலச் ‘செயரும்’ ஒரே மரத்தில் செய்த இரண்டு தளபாடங்கள். ஆயரின் ஆசனம் உள்ள பேராலயத்தைக் ‘கதீட்ரல்’ என்பதும் அந்த ஆசனத்தால்தான்.

பழையவர்கள் அலுவலகத்துக்குச் சொன்ன ‘கந்தோர்’ ஒல்லாந்தரின் ‘கன்தோர்’. அது பிரெஞ்சில் எண்ணும் மேசையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, இலத்தீன் வேர் ‘கொம்புதாரே’, கணக்கிடுதல். கந்தோரில் இன்று இருக்கும் ‘கொம்பியூட்டர்’ அதன் உடன்பிறப்பு. இளையவர்கள் கந்தோர் என்ற சொல்லைக் கைவிட்டுவருவது எங்களுக்கு வருத்தமே.

கேள்வி: பனையை ‘பல்மைரா’ என்பது சிரியாவில் உள்ள பழைய நகரத்தின் பெயரா?
— விசுவமடு

பதில்: எழுத்துக்கூட்டு மட்டும் அந்த நகரத்தைப் பார்த்துத் திருத்தியது. சொல், போர்த்துக்கேயர் பனைக்கும் அதன் இனமரங்களுக்கும் பொதுவாகச் சொன்ன ‘பல்மெய்ரா’. அதற்கு மூலம் இலத்தீன் ‘பல்மா’, உள்ளங்கை. விரித்த கைபோன்ற ஓலையைப் பார்த்து வைத்த பெயர். கள்ளைக் குறிக்கும் ‘டொடி’யும் பனையின் பெயரே, இந்துஸ்தானியில் பனை ‘தாட்’, அதன் கள் ‘தாடி’. பனங்கட்டிக்குச் சொல்லும் ‘ஜகரி’ மலையாளச் ‘சக்கர’ போர்த்துக்கேய வாயில் திரிந்தது. சக்கரவுக்கும், அரபு ‘சுக்கர்’ வழியாகப் போன ஆங்கிலச் ‘சுகரு’க்கும் மூலம் ஒன்றே, வடமொழிச் ‘சர்க்கரா’. அதன் முதற்பொருள் பருமணல், சரளை. பனங்கட்டியை உடைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், பெயர் ஏன் வந்தது என்று விரலே சொல்லும்.

கேள்வி: ‘மொன்சூன்’?
— துணுக்காய்

பதில்: அரபு ‘மவ்சிம்’, பருவம். கடலோடிகளுக்குக் காற்று மாறும் பருவம்தான் முக்கியம், காலபோகத்துக்கு மழை கொண்டுவருவது நம் கவலை. போர்த்துக்கேய ‘மொன்சவ்’ வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது.

கேள்வி: ‘கற்றமரான்’ என்று இரட்டை உடலுள்ள வேகப்படகைச் சொல்கிறார்கள். எங்கள் கட்டுமரத்துக்கு அப்படி உடலே இல்லையே. இரண்டும் ஒரே சொல்லா? தமிழில் எழுதும்போது எதைப் போடுவது?
— கடற்றொழிலாளர், முல்லைத்தீவு

பதில்: ஒரே சொல்தான். கட்டு, மரம் என்று தமிழாகவே பிரியும். வழியும் தெளிவு. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் அச்சான தன் பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்போது பொருள் சரியாக இருந்தது: குற்றிகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் பிணைத்த மிதவை.

பிறகு ஆங்கிலேயர் ‘பக்கம் பக்கமாகப் பிணைத்தது’ என்ற கருத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எந்த மிதவைக்கும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். 1804இல் பிரான்சின் புலோன் துறைமுகத்தைத் தாக்க அனுப்பிய வெடிமிதவைகளுக்குக்கூட அதுதான் பெயர். 1876இல் அமெரிக்கப் படகுக் கலைஞர் நதானியேல் ஹெரெஷொப் இரண்டு ஒடுங்கிய உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து ‘அமரிலிஸ்’ என்ற பாய்ப்படகைக் கட்டினார். இரட்டை உடற் படகுக்கு இந்தப் பெயர் வழக்கமானது அந்தக் காலத்திலிருந்துதான்.

தமிழில் எழுதும்போது இரட்டை உடற் படகைக் கட்டுமரம் என்று எழுதாதீர்கள். கட்டுமரத்தில் நீர் குற்றிகளின் இடைவெளியால் மேலே வந்து தானே வடியும். அதற்கு உட்குழிவு இல்லை, மூழ்கவும் முடியாது. இரட்டை உடற் படகுக்கு உட்குழிவு உண்டு, ஓட்டை விழுந்தால் நீர் ஏறும். மீட்புக்கு வருபவரிடமும் காப்புறுதிப் பத்திரத்திலும் எதைச் சொல்கிறீர்கள் என்பது இந்த வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. ‘இரட்டை உடற் படகு’ என்றே எழுதுங்கள். கட்டுமரம் என்ற பெயர் கட்டிய மரத்துக்கே இருக்கட்டும்.